கண்ணாயிரத்துக்கு ஒரு மேனேஜர்

கோயம்புத்தூரில் கண்ணாயிரத்துக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் சென்னை ஆபீசில் எல்லோரும் நம்பினார்கள். பின்னே? முன்னூற்றுப் பன்னிரண்டு தொழிற்சாலைகளில் அதே கண்ணாயிரம் உட்கார்ந்திருக்கிறது. முன்னூற்றுப் பதினொன்றில் ஆட்கள் துண்டைக் காணோம் துணியைக் காணோம் என்று ஓடுகிறார்கள். இந்த ஒரே ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் மட்டும் மூன்று மாதமாக ஒருத்தர்கூட வேலையை விடவில்லை. விட்டுப்போன ஏழு பேர் திரும்பி வந்து கேட்டைத் தட்டியிருக்கிறார்கள். பழுதாகித் திரும்பி வரும் மோட்டார்கள் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டன. அக்டோபர் வரை அங்கேயும் மற்ற இடங்களைப் போல அழுகையும் ராஜினாமாவும்தான். அப்புறம் என்ன மாயம் நடந்ததோ!

கண்ணாயிரம் ஆள் இல்லை. ஒரு பெட்டி, பதினாறு கேமரா, ஒரு குரல், அவ்வளவுதான். மேனேஜர் வேலை பார்க்கும் இயந்திரம். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை தடவை கொட்டாவி விட்டார், பாத்ரூமில் எத்தனை நிமிடம் இருந்தார், எல்லாம் பார்க்கும், கணக்கெடுக்கும், சுவரில் இருக்கும் பெரிய திரையில் ஊருக்கே போட்டுக் காட்டும். கம்பெனி அதற்கு வைத்த பெயர் வாயில் நுழையாத ஒன்று. தொழிலாளர்கள் கண்ணாயிரம் என்று கூப்பிடப்போய், கடைசியில் கம்பெனியே அட்டைப்பெட்டியில் அந்தப் பெயரை அச்சடித்துவிட்டது.

அதை உண்டாக்கியவள் மேகவர்ஷினி. வயது இருபத்தொன்பது. ஆறு வருடமாகக் கண்ணாயிரமே கதி என்று கிடந்தவள். தங்கை கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில்கூட மண்டபத்து மாடிப்படியில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அதன் கோளாறைச் சரிசெய்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை காலை அவளுடைய மேலதிகாரி ஆராவமுதன் கூப்பிட்டார்.

"என்னம்மா வர்ஷினி, உன் பிள்ளை கோயம்புத்தூர்ல என்னமோ பண்றான். போய் என்னன்னு கண்டுபிடிச்சுட்டு வா. அதை அப்படியே பொட்டலம் கட்டி பாக்கி இடத்துக்கெல்லாம் அனுப்பிடலாம்."

"கண்டுபிடிக்க முடியலைன்னா சார்?"

"வெள்ளிக்கிழமை போர்டு மீட்டிங். எல்லாக் கண்ணாயிரத்தையும் கழட்டிக் கொண்டாந்து குடோன்ல போடுங்கன்றாங்க. ஊர்வாயில விழுந்து எழுந்திருக்க முடியலையாம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் மனசு கேக்கலைம்மா. ஆனா கையில ஏதாவது இருந்தாத்தானே பேச முடியும்?"

குடோனாம்! வர்ஷினி அன்று சாயங்காலமே ரயிலேறிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை தொழிற்சாலைக்குள் கால் வைத்ததும் மேலேயிருந்து ஒரு குரல் கேட்டது. "வாங்க அம்மிணி. பயணமெல்லாம் சௌகரியமுங்களா? சாப்ட்டீங்களா?"

கண்ணாயிரத்தின் குரல்! வர்ஷினியின் கைப்பை நழுவிக் கீழே விழுந்தது. அவள் அதற்குக் கற்றுக்கொடுத்தது சுத்தமான ஆபீஸ் தமிழ். 'தங்கள் தாமதம் பதிவு செய்யப்பட்டது' என்பதுதான் அது பேசியதிலேயே அன்பான வாக்கியம்.

"உனக்கு யார் இப்படிப் பேசக் கத்துக்குடுத்தா?" என்றாள்.

"பழக்கத்துல வந்துருச்சுங்க" என்றது கண்ணாயிரம்.

உள்ளே நாற்பது பெண்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து மோட்டாருக்குக் காப்பர் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பும் பேச்சுமாக ஒரே கலகலப்பு. கை மட்டும் நிற்கவே இல்லை. அந்த வரிசைகளுக்கெல்லாம் லீடர் கோகிலவாணி. நாற்பத்தெட்டு வயது, வாட்டசாட்டமான உடம்பு, மூக்குத்தி, காதில் சொருகிய பென்சில். அவள்தான் வர்ஷினியைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போனாள். மேனேஜர் அறை. சுழல் நாற்காலியில், முதுகில் வெள்ளைத் துண்டு போர்த்தி, கண்ணாயிரத்தின் பெட்டி ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"பெட்டிய எதுக்கு நாற்காலில வெச்சிருக்கீங்க?"

"மேனேஜரை எங்கீங்க வெக்கறது?" என்று திருப்பிக் கேட்டாள் கோகிலவாணி. "முன்னால இருந்த மேனேஜரு ரிட்டயர் ஆனாருங்க. அடுத்தது நாந்தான்னு எல்லாரும் சொன்னாங்க. அப்பவே பதிமூணு வருச சர்வீசுங்களே! புதுச் சேலையெல்லாங்கூட எடுத்து வெச்சுட்டனுங்க. அந்த வாரந்தான் இவரு பார்சல்ல வந்து எறங்குனாரு." சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தாள். வர்ஷினிக்குச் சிரிக்க வரவில்லை. பார்சலை அனுப்பியவள் அவள்தானே.

அன்று முழுவதும், மறுநாள் மத்தியானம் வரை, கண்ணாயிரத்தின் உள்ளே தேடினாள். ஒன்றும் மாறவில்லை. மற்ற ஊர்களில் ஓடும் அதே நிரல், எழுத்து பிசகவில்லை. சலித்துப்போய்க் கடைசியாக அதன் நாட்குறிப்பைத் திறந்தாள். தினமும் பார்த்ததையெல்லாம் அது எழுதி வைக்கும் இடம். போன ஜூலையில் ஒரு வரி: 'ரேணுகா. அழுகை. நான்கு நிமிடம். உற்பத்தி இழப்பு. திரையில் வெளியிடப்பட்டது.' வர்ஷினி அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். எழுதியது இயந்திரம், எழுதச் சொன்னது அவள்.

அக்டோபருக்கு வந்தாள். அங்கேதான் வேடிக்கை ஆரம்பித்தது.

'மூன்றாம் வரிசையில் ஒருவர் அழுகிறார் அல்லது தும்முகிறார். சரியாகத் தெரியவில்லை. கேட்டேன். பஜ்ஜி காரம் என்றார். நம்பினேன்.'

'நான்காம் வரிசையில் ஒருவர் காலையிலிருந்து அசையவே இல்லை. உடம்பு சரியில்லையா என்று கோகிலவாணியிடம் கேட்டேன். அது தூணுங்க என்றார். நம்பினேன்.'

வர்ஷினிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு படித்தாள். நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இப்படியே. கேட்டேன், நம்பினேன். கேட்டேன், நம்பினேன்.

"கண்ணாயிரம், நீ எதுக்கு எல்லாரையும் கேட்டுட்டே இருக்கே?"

"நீங்கதானுங்களே எழுதி வெச்சீங்க. நூத்துக்கு அறுபது பங்காச்சும் நிச்சயமா தெரியலைன்னா, அவங்களையே கேளு. அப்பவும் புரியலைன்னா பக்கத்துல இருக்கற மூத்தவங்களைக் கேளு. சொன்னதை நம்பு."

ஆமாம்! ஞாபகம் வந்துவிட்டது. ஊட்டியில் ஒரு டீ ஃபாக்டரிக்காக, பனிமூட்டத்தில் கேமரா மங்கினால் என்ன செய்வது என்று ஒரு மத்தியானம் போகிறபோக்கில் எழுதிய விதி. கேமராக்கள் பிரமாதமாக அமைந்துவிட்டதால் எந்த ஊரிலும் அந்த விதி ஒரு தடவைகூட வேலை செய்யவில்லை. இங்கே அது ஒன்றுதான் வேலை செய்கிறது. அப்படியானால் இதற்குக் கண் தெரியவில்லை! ஆனால் தினமும் காலையில் அது அனுப்பும் உடல்நல அறிக்கையில் 'கண்கள் பதினாறும் நலம்' என்று இருந்தது.

வியாழக்கிழமை காலை வர்ஷினி ஏணி கேட்டாள். கேட்டதுதான் தாமதம், தொழிற்சாலை திடுதிப்பென்று அமைதியாகிவிட்டது.

"ஏணிங்களா? உடஞ்சு போச்சுங்க" என்றாள் கோகிலவாணி.

"ரெண்டு ஏணி பார்த்தேனே நேத்து?"

"ரெண்டுந்தானுங்க உடஞ்சு போச்சு."

"அந்த மூலைல ஒண்ணு நிக்குதே?"

"அது வேற டிபார்ட்மெண்ட்டுதுங்க. தொட்டா சண்டைக்கு வருவாங்க."

வர்ஷினி யாரையும் சட்டை செய்யாமல் மேஜை மேல் ஸ்டூலைப் போட்டு ஏறிவிட்டாள். நாற்பது பெண்களும் "அய்யய்யோ, பாத்துங்க" என்று கத்தினார்கள். முதல் கேமராவின் கண்ணுக்கு நேரே முகத்தைக் கொண்டுபோனாள். கமகமவென்று வாசனை அடித்தது.

கண்ணாடியின் நட்டநடுவில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம். அதன் மேல் குங்குமம். பக்கத்தில் காய்ந்துபோன ஒரு துணுக்குச் செவ்வந்தி. அடுத்த கேமராவைப் பார்த்தாள். அதிலும் பொட்டு. பதினாறு கண்ணுக்கும் பதினாறு பொட்டு! ஸ்டூல் மேல் நின்றபடியே வர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆட, கோகிலவாணி ஓடிவந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"ஆயுத பூச நோம்பிக்கு வெச்சதுங்க அம்மிணி. லேத்துக்கு வெச்சோம், டிரில்லிங் மிசினுக்கு வெச்சோம், கத்திரிக்கோலுக்குக்கூட வெச்சோம். இவரும் மிசினுதானுங்களே? இவருக்கு மட்டும் வெக்காம உட்டா மனசு கேக்குமுங்களா? நெத்தி எதுன்னு தெரியலைங்க. முன்னால உருண்டையா பளபளன்னு இருந்துச்சு. அதுதான் நெத்தின்னு நெனச்சு வெச்சுட்டனுங்க."

"சரி, அப்புறம் துடைச்சிருக்கலாமே?"

"தொடைக்கத்தானுங்க மறுநாளு ஏணி போட்டேன்." கோகிலவாணியின் குரல் இறங்கிவிட்டது. "ஏறிட்டு இருக்கறப்ப இவரு கேட்டாருங்க. 'கோகிலவாணி, நீங்கள் டீ குடித்தீர்களா? எனக்குச் சரியாகத் தெரியவில்லை' அப்படின்னு. ரெண்டு வருசத்துல இவரு யாரையும் ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க. நீ இத்தனை நிமிசம் டீ குடிச்சேன்னுதான் சொல்லுவாரு. எனக்கு அழுவாச்சியா வந்துருச்சு. அப்படியே எறங்கிட்டனுங்க."

"மூணு மாசமா அதே சந்தனமா ஒட்டிட்டு இருக்கு?"

கோகிலவாணி தலையைச் சொறிந்தாள். "காஞ்சு உதுருமுங்க. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை மறுக்கா வெச்சுருவேன்."

"கண்ணாயிரம்!" என்று வர்ஷினி மேலே பார்த்துக் கத்தினாள். "உனக்குத் தெரியாதா இது?"

"தெரியுமுங்க" என்றது குரல். "நெருப்புப் பிடிச்சா தெரியோணும்னு நீங்க வெச்ச மூக்கு நல்லாத்தானுங்க இருக்கு. மைசூர் சந்தனம்."

"அப்புறம் எதுக்குக் கண்கள் நலம்னு எழுதினே?"

"நலமாத்தானுங்க இருக்குது" என்றது கண்ணாயிரம்.

கோகிலவாணிக்கு இனி ஒளிக்க ஒன்றுமில்லை. "போன வாரம் அவசரத்துல வெச்சேனுங்க. 'கோகிலா, பதினொண்ணாவது கண்ணுல எடப்பக்கம் விட்டுப்போச்சு'ன்னு இவருதானுங்க சொன்னாரு."

சிரிப்பெல்லாம் சிரித்து முடித்து, கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்ததும்தான் வர்ஷினிக்கு விபரீதம் உறைத்தது. ஆராவமுதனிடம் என்னவென்று சொல்வது? கேமராவை மறைப்பது ஒப்பந்தப்படி குற்றம். உண்மையைச் சொன்னால் கோகிலவாணியின் பதினைந்து வருட வேலை போகும். கேமராக் கண்ணைத் துடைப்பார்கள், மறுபடி அழுகைக் கணக்கு ஆரம்பிக்கும், எல்லோரும் ஓடுவார்கள், கடைசியில் கண்ணாயிரமும் குடோனுக்குத்தான் போகும். உண்மையைச் சொல்லாவிட்டால் நேரே குடோன். எப்படிப் போனாலும் முட்டுச்சந்து.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்குப் போன் வந்தது. வர்ஷினி ஒரு பொய்யைத் தயார் பண்ணி வைத்திருந்தாள். கண்ணாயிரத்துக்குத் தானாக முதிர்ச்சி வந்திருக்கிறது, இன்னும் ஆறு மாதம் அவகாசம் வேண்டும் என்று அளக்கப்போகிறாள்.

"சொல்லும்மா. பதினோரு மணிக்கு மீட்டிங். என்ன காரணம்?"

"சார், அது வந்து, கண்ணாயிரத்துக்கு ஒரு மாதிரி..."

"காரணம் நான் இல்லீங்க" என்றது நாற்காலியில் இருந்த பெட்டி.

வர்ஷினி போனைக் கையால் மூடினாள். மூடி என்ன பிரயோஜனம்? அது கம்பெனிப் போன். அந்தப் பக்கமும் கண்ணாயிரத்தின் குரல் போய்விட்டது.

"யாரு, கண்ணாயிரமா பேசறது? நீயே சொல்லு" என்றார் ஆராவமுதன்.

"மூணு மாசமா எனக்குக் கண் சரியா தெரியறதில்லீங்க. எப்படின்னு கேக்காதீங்க. தெரியாததால பதினோராயிரத்துச் சொச்சம் கேள்வி கேட்டேன். அதுல ஒம்பதாயிரம் கோகிலவாணி கிட்டக் கேட்டதுங்க. யாராச்சும் அழுதா என்ன பண்றதுன்னு கேட்டேன். 'சும்மா உடு, அவ ஊட்டுல பிரச்சன, அரை மணி நேரம் பேக்கிங்குக்கு மாத்து'ன்னாங்க. ரெண்டு பேரு சண்டை போட்டா என்ன பண்றதுன்னேன். 'பக்கத்துப் பக்கத்துல ஒக்கார வெக்காத, ஆனா சாப்பாட்டு நேரம் ஒண்ணாவே குடு'ன்னாங்க. யாரைத் திட்டோணும், யாரைத் தட்டிக் குடுக்கோணும், யாரைக் கண்டுக்காம உடோணும், எல்லாம் அவங்க சொன்னதுங்க. நான் மைக்குல சொன்னேன், அவ்வளவுதான். மூணு மாசமா இங்க மேனேஜரு அவங்கதானுங்க."

அறைக்கு வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கோகிலவாணி நின்றுகொண்டிருந்தாள். கையில் கம்பி சுற்றிய ஒரு காயில். உள்ளே பேசுவது அவளுக்குக் கேட்கவில்லை. என்ன ஆகுமோ என்று வர்ஷினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீ எதுக்கு?" என்றார் ஆராவமுதன் மெதுவாக. வர்ஷினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆறு வருடம் வளர்த்த பிள்ளையை முகத்துக்கு நேரே இப்படிக் கேட்டுவிட்டாரே!

"அதைத்தானுங்க சொல்ல வந்தேன். என்னை மேனேஜர் பதவில இருந்து எறக்கி, அவங்களுக்குக் கீழ போட்டுருங்க. கம்பி எத்தனை இருக்குது, எந்த மிசினு சூடாகுது, லாரி எப்ப வரும், எல்லாம் நான் பாத்துச் சொல்லுவேன். ஆளுங்களை அவங்க பாத்துக்கட்டும்."

"எதுக்கு இப்படி ஒரு ஆசை உனக்கு?"

"இங்க நாப்பது பேருக்கும் ஒரு நல்ல மேனேஜர் இருக்காங்க. எனக்கு மட்டும் யாருமே இல்லீங்க."

போனில் ஆராவமுதன் தொண்டையைச் செருமினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். "ஆறு வருஷமா மேனேஜர் பண்றோம்னு நினைச்சுக்கிட்டு, ஒரு நல்ல உதவியாளைப் பண்ணி வெச்சிருக்கோம்மா! சரி, இங்க ஒரு கோகிலவாணி இருக்காங்க. மத்த முன்னூத்திப் பதினொரு இடத்துக்கு நான் எங்க போறது?"

தயார் பண்ணிய பொய்யெல்லாம் வர்ஷினிக்கு மறந்தே போய்விட்டது. "எல்லா இடத்துலயும் இருப்பாங்க சார். நாமதான் அவங்க நாற்காலில பெட்டியைத் தூக்கி வெச்சுட்டோம்."

போர்டு மீட்டிங்கில் ஆராவமுதன் என்ன பேசினாரோ, எப்படிப் பேசினாரோ, அது அவருக்கே வெளிச்சம். பன்னிரண்டே காலுக்கு வர்ஷினியின் போனில் இரண்டே வார்த்தை வந்தது: 'எடுத்து இறக்கு'. அவள் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஓடி, கோகிலவாணியைக் கட்டிப்பிடித்துக் காதில் 'இனிமே நீங்கதான் மேனேஜர்' என்றாள். கோகிலவாணி காயிலைக் கீழே போட்டுவிட்டாள். பதினைந்து வருடத்தில் அவள் கீழே போட்ட முதல் காயில். நாற்பது பெண்களும் போட்ட கூச்சலில் பக்கத்துக் கம்பெனி வாட்ச்மேன் என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டார். பெட்டியை நாற்காலியிலிருந்து நான்கு பேர் சேர்ந்து தூக்கி, பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தார்கள். "மெதுவாங்க, மெதுவாங்க" என்று அதுவே சொல்லிக்கொண்டு வந்தது.

ஒரு மாதம் கழித்து, எல்லாம் எப்படிப் போகிறது என்று பார்க்க வர்ஷினி மறுபடி கோயம்புத்தூர் வந்தாள். கோகிலவாணி சுழல் நாற்காலியில் ஓரமாக, பழக்கமில்லாதவள் மாதிரி உட்கார்ந்து ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்டூலில் பெட்டியின் விளக்குகள் எல்லாம் அணைந்திருந்தன. வர்ஷினிக்குப் பகீரென்றது.

"என்னாச்சு கண்ணாயிரத்துக்கு? யார் ஆஃப் பண்ணது?"

"இன்னிக்கு லீவுங்க அம்மிணி" என்றாள் கோகிலவாணி. "காலைல கேட்டுச்சு. நாந்தான் குடுத்தேன்."

"லீவா? மெஷினுக்கா? என்ன காரணம் சொல்லுச்சு?"

"தலவலியாமுங்க."

வர்ஷினி பெட்டியைப் பார்த்தாள். கோகிலவாணியைப் பார்த்தாள். சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. "அக்கா, அதுக்குத் தலையே கிடையாது! பச்சைப் பொய் சொல்லியிருக்கு!"

"தெரியுமுங்க." கோகிலவாணி கையெழுத்தை முடித்துவிட்டுப் பேனாவை மூடினாள். "ரெண்டரை வருசமா ஒரு நாள் லீவு போட்டதில்லீங்க அது. மொத மொதல்ல வந்து கேக்குது. கேக்கறதுக்கே எத்தனை தெகிரியம் வேணுங்க? போயி தலை எங்கடா இருக்குதுன்னு நோண்டச் சொல்றீங்களா?"

வர்ஷினிக்கும் தலை வலிக்கிற மாதிரி இருந்தது. ஆறு வருடமாகவே வலித்துக்கொண்டிருந்ததோ என்னவோ.

கோகிலவாணி எழுந்து கதவைத் திறந்து வரிசைகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "ஏனுங்க புள்ளைங்களா, இன்னிக்குக் கம்பிக் கணக்கு நாமளே பாத்துக்கோணும். கண்ணாயிரத்துக்குத் தலவலி."

நாற்பது பேரில் ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. "அய்யோ பாவம்" என்றார்கள். போனில் பாட்டு வைத்திருந்த ஒருத்தி சத்தத்தைக் குறைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.